நான் தாண்டிப் படித்த பக்கம்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு மாதம் வேலை செய்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வேறெந்தத் தோட்டத்திலும் நான் அவ்வளவு நாள் தங்கியதில்லை. தங்கியதற்கு ஒரு மனிதர்தான் காரணம். அவரை அண்ணன் என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இருவரும் மருந்தடிக்கும் ஆட்கள். களைக்கொல்லி நிரப்பிய பம்பை முதுகில் சுமந்துகொண்டு சரிவில் வரிசை வரிசையாக அடித்துப் போக வேண்டும். தோட்டம் கொடுத்திருந்த லயன் வீட்டின் முன்னறையில் அண்ணன் எனக்குப் படுக்க இடம் கொடுத்தார். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தங்குவதற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் வேதப்புத்தகத்தில் ஒரு அதிகாரம் படித்துக் காட்ட வேண்டும்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. மனைவி இருந்தவரை அந்த அக்காதான் தினமும் படிப்பாராம். இருபது வருடம் கேட்டதில் பாதிப் புத்தகம் அவர் காதில் இருந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது மாரியம்மன் படம். அந்தப் புத்தகம் எனக்கு இன்னொரு வேலை, அவ்வளவுதான். நான் எழுத்துக் கூட்டித் தடுமாறினால், அவர் கண்ணை மூடியபடியே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார்.

புத்தகத்தின் முன்னட்டைக்குள் அவருடைய அடையாள அட்டை, ஐசி, இருக்கும். சிவப்புக் கார்டு. நாலு வயதில் ஊரிலிருந்து கப்பலில் வந்தவர், குடியுரிமைக்கு மனுப் போடாமலே காலத்தை விட்டுவிட்டார். சிவப்புக் கார்டு என்றால் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். பெர்மிட்டைப் புதுப்பிக்கத் தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதம் வேண்டும். கடிதம் இல்லையென்றால் வேலையும் இல்லை, லயன் வீடும் இல்லை. தினமும் அந்தக் கார்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் நான் படிக்க ஆரம்பிப்பேன். அதனால், தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

மருந்தடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் பைப்பில் ஒருவர் முதுகை இன்னொருவர் கழுவிவிடுவோம். பம்பிலிருந்து கசியும் மருந்து முதுகின் நடுவில்தான் இறங்கும். அங்கே தன் கை எட்டாது. விட்டால் மறுநாள் தோல் வெந்துவிடும். எனக்கு அண்ணனும் அண்ணனுக்கு நானும் கழுவுவோம்.

அந்த மழைக்காலத்தில் எல்லாப் பம்பும் கசிந்தது. வாஷர் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனோம். ஒரு காலை கொட்டகையில், பம்பை இறக்கி வைத்துவிடலாம், என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று எல்லாரையும் கிளப்பிவிட்டது நான். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். ஆனால் வேலையை மேற்பார்க்கும் கிராணி வந்து நின்றதும் யாரும் அசையவில்லை, நான் உட்பட. அண்ணன்தான் முதலில் இறக்கினார். அதன் பிறகே மற்றவர்கள் இறக்கினோம்.

மத்தியானம் கிராணி என்னை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"மொத ஆளு யாரு? பேர சொல்லு. இல்லன்னா இன்னிக்கே பையத் தூக்கிட்டு தாப்பாவுக்கு எறங்கு லா."

"அண்ணன்தான் மொதல்ல எறக்குனாரு," என்றேன்.

அதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலம். மலையடியில் இருக்கும் தாப்பாவுக்கு இறங்குவது எனக்குப் புதிதுமில்லை. எத்தனையோ இடத்தில் நானே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரிடத்தில் இருக்க ஆசைப்பட்டேன். அந்த இடத்தைக் கொடுத்தவரின் பெயரையே அதற்காகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை படிக்க வேண்டிய அதிகாரம் எது என்று எனக்குத் தெரியும். குரு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவுகிற இடம். அவர்களில் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று சொல்லி, அவன் கையிலேயே அப்பத்தைத் தோய்த்துக் கொடுப்பதும் அதில்தான் வருகிறது. நான் தாளைத் தள்ளி அதற்கடுத்த அதிகாரத்தை ஆரம்பித்தேன். அண்ணன் முடியும்வரை கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"தம்பி, பக்கம் ஒட்டிக்கிச்சா?"

"ஆமாண்ணே. ஈரம்."

"இந்த மலையில எல்லாத்துலயும் ஈரந்தான். காயவச்சிட்டுப் படிக்கலாம்."

பெரட்டில் எல்லார் முன்னாலும் கிராணி அவரை நிறுத்தினார். "பெரிய தலைவரா நீ? ஒன் வீட்டுல தின்னுட்டுப் படுக்கறவனே ஒம்பேர சொல்லிட்டான். இனிமே பெர்மிட்டுக்கு லெட்டர் கெடையாது. தொரை சொல்லிட்டாரு."

கொழுந்தெடுக்கும் வரிசையிலிருந்து ஒரு பெண், "ஆளப் பாத்துதான் சோறு போடணும் போல," என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. "சரிங்கய்யா," என்றார். கசிகிற பம்பையே எடுத்து மாட்டிக்கொண்டார். நாங்களும் மாட்டிக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் நான் பைப்புக்குக் கடைசியாகப் போனேன். அவர் போயிருப்பார் என்று நினைத்தேன். வாளியோடு நின்றுகொண்டிருந்தார். "திரும்பு," என்றார். திரும்பினேன். எப்போதும் போலச் சோப்புப் போட்டு, பம்புப் பட்டை அறுத்த இடத்தில் மட்டும் மெதுவாக, முழுக்கக் கழுவிவிட்டார். அவர் முதுகைக் கழுவ என் கை வரவில்லை. அவராகவே உட்கார்ந்தார். கழுவினேன்.

அடுத்த நாள் எழுந்தபோது புத்தகம் அடுப்புத் திண்டில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. தாள்கள் காய்ந்து மொடமொடவென்று இருந்தன. அவர் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்த அதிகாரத்தைப் படித்தேன். அப்பத்தை வாங்கிக்கொண்டவன் எழுந்து வெளியே போகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். வழக்கமாக எடுத்துக் கொடுக்கிறவர் அன்று எடுத்துக் கொடுக்கவில்லை. நானே படித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

அடுத்த வாரம் கடிதம் கேட்டு அண்ணன் துரை பங்களாவுக்கு ஒரு தடவை போனார். படிக்கட்டில் அரை நாள் நின்றுவிட்டுத் திரும்பினார். மறுபடி போங்கள் என்று நான் சொன்னபோது, கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது என்றார். அதை அப்போது கோழைத்தனம் என்றுதான் நினைத்தேன். கோபம்கூட வந்தது. காலில் விழவும் இல்லாமல், சபிக்கவும் இல்லாமல் ஒரு மனிதன் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

பெர்மிட் முடிகிறவரை தினமும் படித்தோம். தினமும் முதுகு கழுவினோம். நான்தான் கிளப்பிவிட்டேன், நான்தான் பெயரையும் சொன்னேன் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பேன். படித்து முடிந்ததும் தேநீர் குடிப்போம், பெரட்டுக்கு நேரமாகிவிடும்.

பினாங்கிலிருந்து கப்பல். நாலு வயதில் விட்டு வந்த, யாரையும் தெரியாத ஊருக்கு. ரிங்லெட் பஸ் நிற்கும் இடம்வரை அவருடைய தகரப் பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். புத்தகம் அவர் கையில் இருந்தது. பஸ் கிளம்பும் நேரத்தில், "அண்ணே, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. நீ பக்கத்தத் தாண்டுனப்பவே நான் கேட்டுட்டேன்," என்றார். பிறகு, "சளிக்கு வெந்நி வச்சிக் குடி," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அவர் போன பிறகு அந்த வீட்டில் நான் ஒரு வாரம்தான் இருந்தேன். பிறகு கோலா தெர்லாவில் காய்கறி லாரி, வேறு தோட்டங்கள். எண்பதுகளில் தானா ராத்தாவில் ஒரு சபைக்காரர் எனக்கு ஒரு வேதப்புத்தகம் கொடுத்தார். நான் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனாலும் தினமும் ஒரு அதிகாரம், சத்தமாக, வரிசையாக. அதில் காட்டிக்கொடுத்தவன் தன்னை மாய்த்துக்கொள்கிறான். குருவைத் தெரியாது என்று மறுத்த சீடன் வெளியே போய் அழுகிறான், ஆனால் திரும்பி வருகிறான். நான் இரண்டுமே செய்யவில்லை. வேறு தோட்டத்துக்குப் போனேன்.

அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று இன்றுவரை தெரியாது. அவருக்கு எழுத வராது. அந்த ஊரில் அவருக்குப் படித்துக் காட்ட யாராவது கிடைத்திருக்க வேண்டும். தடுமாறும் இடத்தில் எனக்கு எடுத்துக் கொடுக்க இங்கே யாருமில்லை. தெரியாத சொல்லைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் படிக்கிறேன். எதையும் தாண்டுவதில்லை.