நான் மூடிய குழி

பரந்தன் ஊருக்குப் பக்கத்தில் என் வயலில் கிணறு வெட்டினேன். நெஞ்சளவு ஆழத்தில் தலையில்லாத புத்தர் சிலை ஒன்று வந்தது. வெளியே தெரிந்தால் தொல்லியல் திணைக்களத்தார் வந்து காணியை எடுத்து மறித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

சித்திரம் படிப்பிக்கும் மச்சாளுக்கு மட்டும் காட்டினேன். அவள் குழிக்குள் இறங்கித் தடவிப் பார்த்தாள்.

"அத்தான், இது ஆந்திராப் பக்கத்து வேலை. உடுப்பு மடிப்பில கிரேக்கச் சாயலும் கிடக்கு. எத்தினை ஊர்ச் சனத்தின்ர கை பட்டிருக்கு, பாருங்கோ!"

"ஆர் கை பட்டாலும் எனக்கு இருக்கிறது இந்தக் காணி ஒண்டுதான். நீ மேல ஏறு."

"மூடாதேங்கோ அத்தான்."

மூடினேன். மச்சாள் பிறகு வீட்டுக்கு வரவில்லை. வேறு இடத்தில் கிணறு வெட்டவும் பயம், காணியை விற்கவும் பயம். உழும்போது அந்த இடத்தில் கலப்பையைத் தூக்கிவிடுகிறேன். அதனால் வயல் நடுவே அங்கே மட்டும் புல் நிற்கிறது. போகிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள்.