அவர் சொன்ன ‘ஆல் ஃபாஸ்ட்’

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கொடி ஒன்று இருக்கிறது. கப்பலைக் கரையோடு பிணைக்கிற தடித்த கயிறு ஒன்று தேய்ந்துபோய்க் கழித்துப் போட்டபோது, அதிலிருந்து ஒரு புரியைப் பிரித்தெடுத்து வந்து என் வீட்டுக்காரர் கட்டியது. வெயிலில் நீலம் வெளுத்துவிட்டது. தொய்வு மட்டும் இல்லை. இன்று காலை என் மகன் மடக்கு ஸ்டாண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதுல போட்டா ஃபாஸ்ட்டா காயும்மா, அந்தப் பழைய கயித்த அவுத்துருவோம்” என்றான். “போய் அவுத்துப் பாரு” என்றேன். குறடும் கையுமாக மாடிக்குப் போயிருக்கிறான்.

ஃபாஸ்ட் என்ற சொல்லுக்கும் என் வீட்டுக்காரருக்கும் பொருத்தமே கிடையாது என்றுதான் கல்யாணமான புதிதில் நினைத்தேன். நான் நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்தவள். பேச்சு, நடை, சமையல் எல்லாம் எனக்கு அவசரம். அவரோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு சட்டைப் பொத்தான் போடுவதற்குள் கோயிலில் இரண்டாம் மணி அடித்துவிடும். ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து போனால் மாப்பிள்ளையூரணித் தெருவில் மேய்கிற ஆட்டுக்குட்டிகூட எங்களை முந்தும். கடிந்துகொண்டால், “பதறாத காரியம் சிதறாதுளா” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் பெர்த்திங் மாஸ்டர் வேலை. வருகிற கப்பலைக் கரையோடு கட்டவைப்பதும், போகிற கப்பலை அவிழ்த்துவிடுவதும் அவர் பொறுப்பு. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கயிறுகள் வந்து கரையிலுள்ள இரும்புக் குற்றிகளில் விழுந்ததும், ஒவ்வொன்றாக நடந்து போய் காலை வைத்து அழுத்திப் பார்ப்பார். மனம் ஒப்பினால்தான் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோய் “ஆல் ஃபாஸ்ட்” என்பார். அதைக் கேட்டபிறகுதான் இழுவைப்படகு விலகும், ஏணி இறங்கும். அந்தச் சொல் வரும்வரை ஒருவரும் இடத்தைவிட்டு அசையக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். “கட்டுதது கயிறு இல்லளா, என் பேரு” என்று ஒருமுறை சொன்னார்.

நான் பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். பேச்சுக்குப் பேர்போனவள் என்பதால், புதிய தளத்துக்கு முதல் பெரிய கப்பல் வந்த நாளில் விழாவைத் தொகுத்து வழங்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பந்தல், பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியம், தலைநகரிலிருந்து வந்த விருந்தினர் என்று ஒரே அமர்க்களம். கப்பல் நேரத்துக்கு வந்து அணைந்தது. ஆனால் மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று அன்றைக்கென்று கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆடியது. கப்பலைக் கரையிலிருந்து தள்ளித் தள்ளி எடுத்தது. விருந்தினர் ஏணியில் ஏறி மேலே போக வேண்டும்; ஏணியோ இறங்கவில்லை. பெர்த்திங் மாஸ்டர் இன்னும் சொல்லவில்லை.

மேலதிகாரி ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். “மேடம், உங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க. விருந்தாளிக்கு பிளைட்டு இருக்கு. இன்னும் இழுத்தடிச்சார்னா நாளையிலிருந்து அவர ஆபீஸ்ல ஃபேனுக்கடியில உக்கார வச்சிருவேன்” என்றார்.

ஃபேனுக்கடியில் உட்காரவைத்தால் அந்த மனிதர் செத்தே போவார். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தளத்தின் ஓரமாக நடந்தேன். அவர் ஒரு கயிற்றின்மேல் காலை வைத்தபடி நின்றிருந்தார்.

“ஏங்க, எல்லாரும் நம்மளையே பாக்காங்க. வேலைய வேற மாத்திருவேங்கான் அந்த ஆளு. சொல்லிட்டுத் தொலைங்களேன்” என்றேன்.

“இன்னும் ஒரு கயிறு சரியா பிடிக்கல. காத்து எடுக்குது. சொல்லிட்டேன்னா ஏணில ஏறுவாங்க. பிள்ளையளும் ஏறும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ போய் மைக்கப் பிடிளா” என்றார்.

கோபத்தோடுதான் திரும்பினேன். மைக்கைப் பிடித்தபோது, “தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்ற வாசகம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் எதற்கும் வருந்தவில்லையே, அவருக்காக நான் ஏன் வருந்த வேண்டும்? வகுப்பில் பேசுவதுபோல ஆரம்பித்துவிட்டேன்.

“ஃபாஸ்ட் என்றால் வேகம் என்று நாம் நினைக்கிறோம். அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு வேகம் என்ற பொருளே இல்லை. உறுதி, அசையாமை, இதுதான் அதன் முதல் பொருள். மனதை உறுதியாகக் கட்டிவைத்து வயிற்றைக் காயப்போடுகிற உபவாசத்துக்கும் அதனால்தான் அந்தப் பெயர் வந்தது. நம் ஃபாஸ்டிங் பிரேயரில் யாரும் ஓடுவதில்லை. காலையில் நாம் சாப்பிடுகிற பிரேக்ஃபாஸ்ட்டும் அந்த உபவாசத்தை முடித்துவைப்பதுதான். சாயம் போகாத துணி, ஆழ்ந்த தூக்கம், கைவிடாத நட்பு, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லையே வைத்தார்கள். உறுதியாக, விடாமல், மூச்சைப் பிடித்து ஓடுவது என்று சொல்லிச் சொல்லி வேகம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வந்த விருந்தாளி வீட்டுக்காரனைத் துரத்திவிட்டு உட்கார்ந்துகொண்டான். இந்தத் தளத்தில் மட்டும் இன்னும் பழைய வீட்டுக்காரன்தான் இருக்கிறான். அவனைப் பார்க்க நாம் கொஞ்சம் காத்திருப்போம்.”

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டன. அதிகாரி என்னை முறைத்தார். அந்த நேரம் அவர் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. “ஆல் ஃபாஸ்ட்.” பேண்டுக்காரப் பையன் ஒருவன் விசிலடித்தான், கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஏணி இறங்கியது. முதல் படியில் கால் வைக்குமுன் விருந்தினர் அதிகாரியை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, “இப்போ ஏறலாமா?” என்று கேட்டார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

கயிறு அறுந்ததா, யாராவது விழுந்தார்களா என்றால், ஒன்றுமே நடக்கவில்லை. அவர் வேலை பார்த்த காலம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவர் சம்பாத்தியம். ஃபேனைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. அதே தளத்திலிருந்துதான் ஓய்வு பெற்றார். விழா நடந்த அன்று இரவு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “ஸ்பீக்கர்ல கேட்டேன். நல்லாத்தான் பேசுத. அதான் கடைசிக் கயித்த கொஞ்சம் மெதுவாக் கட்டுனேன்.”

அவர் இறந்தபோது, அவரோடு கயிறு பிடித்த ஆட்களே பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். பெட்டி தரை தொட்டது. போதகர் ஜெபித்து முடித்தார். கயிற்றை உருவ வேண்டியவர்கள் நுனியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் என் பக்கம் திரும்பினார்.

“டீச்சரம்மா, சார் சொல்லாம நாங்க என்னைக்கும் கயித்த விட்டதில்ல. நீங்க சொல்லுங்க.”

அதுவரை அழுதுகொண்டிருந்த நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஆயிரம் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொன்ன சொல்லை அன்றுதான் முதல்முறையாக நானே சொன்னேன். கைகள் கயிற்றை விட்டன.

மகன் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டான். விரல் சிவந்திருக்கிறது. “அவுக்க முடியலம்மா. அறுத்துரவா?” என்கிறான்.

“ஈரத்துணி வாளியில இருக்கு. கொண்டு போய் அந்தக் கயித்துலயே போடு” என்கிறேன்.