லொட்டுவின் வாலை இழுக்கலாம்

1. முதல் நாள்

நான் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் அசாம் ஜாவா மாதிரி ஒரு மலேசியச் சிற்றூரில் ஒருவனுக்கு என்ன வேலை கிடைக்கும்? எனக்கு உடும்பு வேலை கிடைத்தது.

சிரிக்க வேண்டாம். விளக்கமாகச் சொல்கிறேன். சிறுவர்களுக்கான தமிழ்க் கார்ட்டூன் தொடர் ஒன்று வந்தது. செம்பனைத் தோட்டத்தில் துப்பறியும் இரட்டைப் பிள்ளைகளின் கதை. அவர்களோடு ஒட்டிக்கொண்டு திரியும் உடும்பின் பெயர் லொட்டு. கண்டதைத் தின்னும், எதற்கெடுத்தாலும் பயப்படும், தப்பான வழியைக் காட்டும். ஒவ்வொரு எபிசோட்டிலும் யாராவது அதன் வாலை மிதிப்பார்கள், இல்லையென்றால் இழுப்பார்கள். "ஐயய்யோ, என் வாலு!" என்று அது அலறும். பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் உயிர். தொடரை எடுத்த கம்பெனி லொட்டுவைப் பேரங்காடி, பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் என்று ஊர் ஊராக அனுப்பும். அந்த உடைக்குள் நுழைந்து ஆட ஓர் ஆள் தேவைப்பட்டது.

ரவாங்கில் இருந்தது ஆபீஸ். நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொண்ட மிஸ் ஷாலினி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கிள், நீங்க ஷோர்ட்டா இருக்கீங்க. பெர்ஃபெக்ட் லா."

என் உயரத்தை ஒருவர் பாராட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிறகு விதிகளைச் சொன்னார். உடைக்குள் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. அலறுவதற்கு ஸ்பீக்கரில் ரெக்கார்டிங் இருக்கிறது, வாலை இழுத்ததும் அவர்களே போடுவார்கள். தோல் வெளியே தெரியக் கூடாது. பிள்ளைகள் எதிரில் ஹெட்டை, அதாவது அந்த உடும்புத் தலையை, என்ன ஆனாலும் கழற்றக் கூடாது.

"ஒரு பிள்ள பாத்துட்டா போதும் அங்கிள். லொட்டு செத்துட்டான்னு அழுவும். அப்புறம் பேரன்ட்ஸ் வீடியோ எடுத்துப் போட்டு எங்கள நாறடிச்சிருவாங்க."

2. உள்ளே இருப்பவனின் உலகம்

ஹெட் தடித்த ஸ்பாஞ்சால் செய்தது. உடும்பின் வாயில் கறுப்பு வலை இருக்கும். அதன் வழியாகத்தான் நாம் உலகத்தைப் பார்க்க வேண்டும். எதிரில் நிற்கும் பிள்ளையின் முகம் தெரியும், காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. உச்சியில் ஒரு சின்னப் பேட்டரி ஃபேன் சுற்றும், நமக்கு வேர்க்கத் தொடங்கியதும் நின்றுவிடும். வால் என் உயரத்துக்குச் சமம். அதன் பாரம் முழுவதும் இடுப்பு பெல்ட்டில் தொங்கும்.

அதனால் வெளியே ஒரு ஹேண்ட்லர் வேண்டும். கையைப் பிடித்துப் படி இறக்க, கூட்டத்தை விலக்க, உள்ளே இருப்பவன் மயங்கி விழுவதற்குள் இழுத்துக்கொண்டு போக. என் ஹேண்ட்லர் மேரி, ஜெராம்காரர். மீன் விற்ற குடும்பம், குரல் சந்தை முழுக்கக் கேட்கும். அவர்தான் எனக்கு ஒரு சைகையைச் சொல்லிக்கொடுத்தார்.

"அண்ணே, முடியலன்னா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி குறுக்க வைங்க. நான் பாத்துக்கிறேன்."

நான் கையைத் தூக்கினால் மேரி உடனே, "லொட்டுவுக்குப் பசிக்குதாம்! தின்னுட்டு வந்துருவான், வழிவிடுங்க!" என்று கத்துவார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள். நான் பின்னறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ஒருவருக்கும் சந்தேகம் வராது.

கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது, சந்தோஷமும் இருந்தது. ஜெராமில் ஒரு பெரியவர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மேரியிடம், "நல்ல சைஸும்மா. மசாலா போட்டுப் பெரட்டுனா பத்து பேரு சாப்புடலாம்" என்றார். உள்ளே நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். உடும்பு பயத்தில் நடுங்குகிறது என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

3. வெல்குரோ

பிள்ளைகள் வாலை இழுக்கத்தான் வருகிறார்கள் என்பதைக் கம்பெனி சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. அடுத்த மாதமே போஸ்டரில் பெரிய எழுத்தில் போட்டார்கள்: "லொட்டுவின் வாலை இழுக்கலாம்!" வரிசையில் நின்று ஒவ்வொரு பிள்ளையாக இழுக்கும். ஸ்பீக்கர் அலறும். நான் துள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் வால் வெல்குரோவில்தான் ஒட்டியிருந்தது. ஓங்கி இழுத்தால் கையோடு வந்துவிடும், எனக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு நிகழ்ச்சிகளில் அப்படிக் கழன்று விழுந்ததும் மிஸ் ஷாலினிக்குப் பிடிக்கவில்லை. வாலை நைலான் பட்டையால் பெல்ட்டோடு சேர்த்துத் தைத்து, இரும்பு வளையமும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இழுப்பதெல்லாம் நேராக என் இடுப்பில் இறங்கியது.

"இடுப்பு தாங்கலம்மா. பழையபடி வெல்குரோவே போட்டுருங்க."

"அங்கிள், சின்னப் பிள்ளைங்கதானே. அதுங்களுக்கு எவ்ளோ பலம் இருக்கப் போவுது?"

"அப்பன்மாருங்களும் சேந்து இழுக்கிறாங்கம்மா."

"அது ஃபேமிலி பொண்டிங் அங்கிள்."

குடும்பப் பாசமாம்! அந்த வார்த்தையைக் கேட்டபோது ஏறிய எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். வேறு வேலை எங்கே இருக்கிறது?

4. சுங்கை பெசார்

தீபாவளிக்கு முந்திய வாரம். சுங்கை பெசாரில் ஒரு மண்டபம், கால் வைக்க இடமில்லாத கூட்டம். லொட்டு படம் போட்ட டீ சட்டை விற்க வேண்டியவன் வரவில்லை. மிஸ் ஷாலினி மேரியை அந்த மேசைக்கு அனுப்பிவிட்டார்.

"ஹேண்ட்லர் இல்லாம எப்படி மிஸ்?" என்று மேரி கேட்டது என் காதில் விழுந்தது.

"எம்சி இருக்காரே, அவர் பாத்துப்பாரு."

நிகழ்ச்சியை நடத்தும் எம்சி பிரவின் நல்ல பையன்தான். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான். ஆனால் சைகையைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

வரிசை நகர்ந்தது. ஓர் ஆள் தன் இரண்டு மகன்களோடு வந்தார். நல்ல ஆகிருதி. மூவரும் வாலைப் பிடித்தார்கள். பிரவின், "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று எண்ணினான். கயிறு இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பு. இடுப்பில் ஏதோ ஒன்று விட்டுப்போனது எனக்குத் தெரிந்தது. கால்கள் இருப்பதே தெரியவில்லை. முகம் குப்புற விழுந்தேன்.

கத்தினேன். விதியாவது மண்ணாவது, உயிர் போகிற மாதிரி கத்தினேன். என் சத்தத்தை ஸ்பாஞ்ச் விழுங்கியது. மிச்சத்தை ஸ்பீக்கர் விழுங்கியது. "ஐயய்யோ, என் வாலு!" மண்டபமே அதிர்ந்து சிரித்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கொண்டுபோய்க் குறுக்காக வைத்தேன்.

"லொட்டு சரண்டர்! லொட்டு சரண்டர்!" என்று பிரவின் கத்தினான். "இன்னொரு தடவ பாக்கலாமா குட்டீஸ்?"

இன்னொரு தடவை இழுத்தார்கள்.

அப்போதாவது ஹெட்டைக் கழற்றி எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றவே இல்லை. வலை வழியே ஒரு சின்னப் பெண்ணின் முகம் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டே கிடந்தேன்.

கடைசியில் மேரிதான் டீ சட்டைகளைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். "கைய வெச்சிருக்காரு, தெரியலையாடா ஒங்களுக்கு? விடுங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

5. வைரல்

கிளினிக்கில் ஊசி போட்டுப் படுத்திருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். நான் விழுந்து கிடக்கும் வீடியோ. கீழே சிரிக்கும் பொம்மைகள். "அப்பா, செம நடிப்பு!" என்று எழுதியிருந்தாள். அவள்மேல் கோபப்பட்டு என்ன பயன்? ஊரே அதைத்தான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மிஸ் ஷாலினியும் கூப்பிட்டார். "அங்கிள், வைரல்! எல்லாரும் அந்த சீனைத்தான் கேக்குறாங்க. எப்ப வருவீங்க?" டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இடுப்பில் டிஸ்க் நழுவிவிட்டது, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது. உடனே அவர், "நீங்க ஃப்ரீலான்ஸ் அங்கிள், தெரியும்தானே?" என்றார். காசு ஒன்றும் தரமாட்டோம் என்று அர்த்தம். ஒரு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு லொட்டு பொம்மை ஒன்று வந்தது. வாலை இழுத்தால் அலறும்.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். புதிய சீசனைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூடத்தில் பாய் விரித்துப் படுத்தபடி பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள் வாலை இழுக்கிறார்கள். லொட்டு முகம் குப்புற விழுகிறது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைக்கிறது. விரல்கள் விரிந்திருந்த விதம்கூட என்னுடையது. வீடியோவைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். அதன் பிறகு எபிசோட்டுக்கு எபிசோட் அதுதான். எங்கள் வீட்டுக்கு எதிரே விளையாடும் பிள்ளைகள்கூட ஓடிப்பிடித்து விழுந்தால் கையைக் குறுக்காக வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது எங்க கேரக்டர் அங்கிள். அது என்ன செஞ்சாலும் எங்களோடதுதான்" என்றார் மிஸ் ஷாலினி.

"எனக்கு அதுல பங்கு வேணாம்மா. அது உள்ள இருக்கிறவன் உதவி கேக்குற சைகை. அதையும் காமெடியாக்கிட்டீங்க. நாளைக்கு எவனாச்சும் உள்ள சாகப்போனாலும் சிரிப்பாங்களே?"

"மீட்டிங்ல சொல்றேன் அங்கிள்."

6. சேகர்

எனக்குப் பிறகு உடைக்குள் நுழைந்தவர் சேகர். சபாக் பெர்ணம் பக்கம் லோரியில் உதவியாளாக இருந்தவர், நாற்பதைத் தாண்டியவர், என்னைப் போலவே குள்ளம். மேரியிடம் நம்பர் வாங்கி அவராகவே கூப்பிட்டார். மேரியும் இப்போது அங்கே இல்லை. டீ சட்டைகளைத் தள்ளிவிட்ட கோபத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணே, அந்தக் கைய வைக்கிறது நீங்க ஆரம்பிச்சதாமே? எங்க போனாலும் அதுக்குத்தான்ணே கைதட்டு."

அது என்ன என்பதைச் சொன்னேன்.

"அப்ப எனக்கு ஏதாச்சும் ஆனா என்னண்ணே செய்யிறது?"

இத்தனை நாள் படுத்துக்கொண்டு நான் கற்ற பாடம் ஒன்றுதான். அதையே சொன்னேன். "ஹெட்ட கழட்டிருங்க. பிள்ளைங்க அழுவட்டும். அழுதா ஒண்ணும் ஆயிராது. உள்ள ஒரு மனுசன் இருக்கான்னு தெரியட்டும்."

"கழட்டுனா வேலைய எடுத்துருவாங்களேண்ணே."

"எடுப்பாங்கதான். நான் கழட்டல. எனக்கு வேலையும் போச்சு, இடுப்பும் போச்சு. நீங்க இடுப்பையாச்சும் காப்பாத்திக்குங்க."

சரிண்ணே என்றார். வால் இன்னும் நைலான் பட்டையிலா இருக்கிறது என்று கேட்டேன். இல்லை, போன மாதம்தான் மாற்றினார்கள், இப்போது சங்கிலி என்றார்.