பவளப்பாறையை எண்ணப் போன அக்கா

எங்கள் வீட்டில் உயிருள்ள எதையும் எண்ணக் கூடாது. கோழி குஞ்சு பொரித்தால் "நெறைய கீது" என்பாள் அம்மா. எத்தனை என்று கேட்டால் முறைப்பாள். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளும் நாங்களும் வரிசையாகச் சாப்பிட உட்காரும்போது யாராவது விரலை நீட்டித் தலை எண்ணினால், எண்ணியவர் தலையில் ஒரு குட்டு விழும். எண்ணினால் குறைந்துவிடும். விளக்கம் அவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், மூடநம்பிக்கை கூடாது என்ற பிரசங்கத்துக்கு உரக்க ஆமென் சொல்லிவிட்டு வருகிற குடும்பம்தான் நாங்கள். கோழிக்குஞ்சுக் கணக்கு அந்த ஆமெனில் சேர்த்தி இல்லை.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் அக்கா எண்ணுவதையே படிப்பாக எடுத்துக்கொண்டாள்.

எழுபதுகளின் பின்பாதி அது. மெட்ராஸுக்கு மேற்கே, பிள்ளைப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அக்கா மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படித்தாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள், பலகாரப் பெட்டிக்குப் பதில் ஒரு நைலான் கயிற்றுச் சுருளோடு பஸ்ஸைவிட்டு இறங்கினாள். கயிற்றில் மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிந்திருந்தது. கையில் ஒரு மரச்சட்டம் வேறு. ஜன்னல் மாதிரி சதுரமாக, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி. "இன்னாடி இது, கட்டிலுக்கு ஃபிரேமா?" என்று அம்மா கேட்டாள்.

பொங்கல் கழிந்ததும் அவள் வகுப்பை மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவுக்குக் கூட்டிப் போகிறார்களாம். கடலுக்கடியில் பவளப்பாறை இருக்கிறதாம். அதில் என்னென்ன உயிர் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டுமாம். அதிரசத்துக்கு மாவு தட்டிக்கொண்டே அக்கா எனக்குப் பாடம் நடத்தினாள்.

"அது கல்லு இல்லடி. கடுகு மாதிரி சின்னச் சின்ன உயிருங்க சேந்து கட்டின வூடு. உன் நகம் வளர்றத விட மெதுவா வளரும். அதுங்க உடம்புக்குள்ளயே ஒரு பாசி குடித்தனம் இருக்குது. வாடகைக்குப் பதிலா வெயில்ல சோறு சமைச்சுக் குடுக்கும்."

"தண்ணி கலங்கிப் போச்சுன்னா?"

"வெயில் வராது. அடுப்பு எரியாது. வூட்டுக்காரனும் பட்டினி, குடித்தனக்காரனும் பட்டினி."

எனக்கு ஒன்பது வயது. கடலையே ஒரு தரம்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் எரியாத அந்தக் குட்டி அடுப்பை நினைத்து எனக்கு அழுகை முட்டியது. அக்கா சொன்னால் எதுவும் அப்படித்தான், கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பாறைமேல் கால் வைத்தால் வருஷக்கணக்காக வளர்ந்தது நொடியில் ஒடிந்துவிடும். அதனால் குப்புற மிதந்துகொண்டே எண்ணத் தெரிந்தவர்கள் மட்டும் தண்ணீரில் இறங்கலாம், மற்றவர்கள் படகில் உட்கார்ந்து சொல்வதை எழுதலாம் என்று அவள் மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. அவ்வளவு தூரம் போய்ப் படகில் உட்கார்ந்திருக்க அவளுக்கு மனசு ஆறவில்லை.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். பேச்சு குறைவு, கைதான் பேசும். பெங்களூர் ரோட்டுப் பஞ்சர் கடையிலிருந்து ஒட்டுப்போட்ட லாரி டியூப் ஒன்று வந்தது. மண்ணெண்ணெய் டின்னின் அடியை வெட்டிக் கண்ணாடி பதித்து, தண்ணீர் புகாதபடி ஓரமெல்லாம் தார் பூசினார். டியூபின்மேல் குப்புறப் படுத்து, நடு ஓட்டையில் அந்த டின்னை வைத்து அழுத்தி உள்ளே பார்த்தால் எங்கள் ஊர் ஏரியின் அடி தெரியும். முதலில் நான்தான் பார்த்தேன். ஒரு நத்தை தன் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது. ஏதோ பெரிய வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளிலிருந்து ஏரியில் ஒத்திகை. மழைக்காலத்துக் கலங்கல் தெளிந்து, கரையோரத்தில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. நான் கரையில் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வேன். மறு நுனி, உள்ளே இடுப்பளவுத் தண்ணீரில் ஊன்றிய கழியில். அப்பாவின் பழைய சட்டையும் பாவாடையுமாக அக்கா கயிற்றை ஒட்டி மிதந்துகொண்டே, சிவப்பு முடிச்சுக்கு முடிச்சு அதன் கீழே இருப்பதைக் கத்துவாள். "மண்ணு! பாசி! மண்ணு! நத்தை ரெண்டு!" நான் சிலேட்டில் எழுதுவேன்.

எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை. நாலடி தள்ளி அல்லி பூத்திருந்தது, அதன் கீழே மீன்குஞ்சுகள் கூட்டமாக மினுங்கின. கயிறு என்னவோ வெறும் மண்ணில் போய்க்கொண்டிருந்தது.

"அந்தாண்ட போடுக்கா, அங்கதான் அழகா கீது."

"அழகா கீற எடமா பாத்துப் போட்டா அது கணக்கு இல்லடி, கல்யாண ஆல்பம். கயிறு எங்க வுழுந்துதோ அங்க இன்னா கீதோ அதான். மண்ணுன்னா மண்ணுன்னு எழுது."

இந்தக் கத்தல்தான் வினையை இழுத்து வந்தது. எருமை ஓட்டி வந்த யாரோ பெரியப்பாவிடம் போய், "உன் தம்பி பொண்ணு கயிறு போட்டு ஏரிய அளந்துகினு கீது" என்று சொல்லிவிட்டார்கள். ஏதோ கம்பெனி வரப்போகிறது, நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்று டீக்கடையில் ஒரு புரளி ஓடிக்கொண்டிருந்த சமயம். பெரியப்பாவின் நிலம் முழுக்க அந்த ஏரிப் பாசனத்தில்தான் இருந்தது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, மடித்துக் கட்டிய வேட்டியோடு வந்து நின்றார். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் வேண்டாம் என்றால் அப்பா மறுபேச்சு பேச மாட்டார், தீவும் கிடையாது.

வந்த வேகத்தில் என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினார். "எந்தக் கம்பெனிக்கு அளக்கிற? இன்னா குடுத்தான்?"

உள்ளே டியூப் ஒரு சுற்று சுற்றியது. அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை. "பெரியப்பா, கயித்த லூசு வுடாதீங்க. அப்பிடியே டைட்டா புடிங்க, நான் நடுவுல கீறேன்!"

என்ன நினைத்தாரோ, பிடித்துக்கொண்டார். கடைசி முடிச்சு வரைக்கும் அக்கா எண்ணி முடித்துக் கரைக்கு நடந்து வருகிற வரை, கோபமாகக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.

"நான் அளக்கல பெரியப்பா. உள்ள இன்னா உயிரு எவ்ளோ கீதுன்னு எண்றேன்."

அளந்திருந்தால்கூடத் தேவலை என்பது போல அவர் முகம் மாறியது. "உயிர எண்றியா? வளத்த வூட்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்க? எண்ணினா கொறஞ்சிடும்மா!"

கூட வந்தவர்களும் தலையாட்டினார்கள். "கடலுக்கும் வேணாம், ஒண்ணுக்கும் வேணாம்" என்றார் பெரியப்பா. சிலேட்டில் எழுதியதை எல்லாம் எச்சில் தொட்டு அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உண்மையைச் சொன்னால், முதல் நாளிலிருந்தே எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அக்கா ஈரத் தலையோடு கண்ணாடி டின்னை அவரிடம் நீட்டினாள். "ஒரு தரம் பாருங்க பெரியப்பா. அப்பால வேணாம்னா வேணாம்."

பெரியப்பா முட்டியளவு தண்ணீரில் இறங்கிக் குனிந்தார். டின்னுக்குள் முகம் போனது. வெகுநேரம் வரவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கும் ஏரி, மேலிருந்துதான் பார்த்திருக்கிறார். கூட வந்தவர்களில் ஒருவர் ஆசைப்பட்டுத் தண்ணீரில் காலை வைக்க, டின்னுக்குள்ளிருந்து முழக்கம் வந்தது. "டேய், தண்ணிய கலக்காதடா! நத்தை மேயுதுடா!"

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அக்கா மரச்சட்டத்தை அவர் காலடியில் போட்டு, அதற்குள் இருப்பதை இருவரும் தனித்தனியாக எண்ணிப் பிறகு ஒத்துப்பார்க்க வேண்டும் என்றாள். நத்தை ஏழு என்றார் பெரியப்பா. அக்கா அஞ்சு என்றாள். அவர் விடவில்லை, எங்கள் குடும்பத்தில் தோற்றுப்போன ஆண்பிள்ளை கிடையாது. மறுபடி பார்த்ததில், அவர் எண்ணியதில் ரெண்டு வெறும் ஓடு.

"செத்ததயும் எண்ணணும் பெரியப்பா. ஆனா தனியா."

"செத்தத எதுக்கும்மா எண்ணணும்?"

"இன்னிக்கு ரெண்டு. அடுத்த வருசம் அதே எடத்துல பத்து ஆச்சுன்னா, ஏதோ ஆவுதுன்னு தெரியும்ல?"

பெரியப்பா சிரித்தார். "ஏரிக்கு இன்னாம்மா ஆவப் போவுது?" எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். கரையேறி வேட்டியைப் பிழிந்துகொண்டு, கேட்க வேண்டியதை எல்லாம் யோசித்து, ஒன்றே ஒன்று கேட்டார். "அங்க உனுக்குக் கயிறு யார் புடிப்பா?"

அந்தக் கேள்வியே உத்தரவு என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. அக்கா எழும்பூரில் ரயிலேறியபோது வழியனுப்பப் பெரியப்பாவும் வந்திருந்தார். கயிற்றுச் சுருளை அவர்தான் தூக்கிவந்தார்.

திரும்பி வந்தவளின் பையை நான்தான் கவிழ்த்துக் கொட்டினேன். அலமாரியில் வைக்க ஒரு வெள்ளைப் பவளப்பூ வரும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பையில் உப்புப் பூத்த பாவாடையும் அப்பாவின் சட்டையும்தான் இருந்தன. கூடப் போனவர்கள் அந்தப் பூவைக் கடைவீதியில் வாங்கினார்களாம். "அது பொணம்டி. உசுரோட இருக்கும்போது வெள்ளையா இருக்காது" என்றாள். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் அவள் சொல்லச் சொல்ல வீடே வாய் பிளந்தது. மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்டது, மூளை மாதிரி மடிப்பு மடிப்பானது, அதற்குள் நுழைந்து நுழைந்து வருகிற மீன்கள். பச்சை நிறத்தில் ஒரு மீன் பாறையைக் கடித்துத் தின்னுமாம். பட்டாணி மெல்வது போல அந்தச் சத்தம் தண்ணீருக்குள் காதில் விழுமாம். அக்கா ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லை.

பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ எண்ணின எடத்துல இன்னா இருந்துது?"

அக்காவின் சட்டம் விழுந்த இடத்தில் ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் காளவாய்க்குப் படகுகளில் வந்து கடப்பாரையால் பாறையைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். உடைந்த துண்டும் மண்ணும்தான். ஒரு முழம் தள்ளி, உயிரோடு, பூத்துக் குலுங்குகிறாப்போல ஒன்று நின்றிருந்தது.

"அட, சட்டத்த அந்தாண்ட கொஞ்சம் தள்ளினா இன்னா?" என்றார் பெரியப்பா. நானும் அதைத்தான் நினைத்தேன்.

"தள்ளக் கை போச்சு பெரியப்பா. தள்ளியிருந்தா கணக்கு பொய்யாயிருக்கும்." சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடைந்த துண்டுகளை ஒன்றொன்றாக எண்ணி எழுதியிருந்தாள். ஊரே அழகைப் பார்க்கப் போகிற இடத்துக்குப் போய், உடைசலை எண்ணிவிட்டு வந்த ஒருத்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவளை அசடு என்று நினைத்தேன். பிறகு அவளும் மிஸ் ஆகி, தன் மாணவிகளோடு போய் அதே இடத்தை மறுபடி மறுபடி எண்ணினாள்.

டீக்கடைப் புரளி உண்மையாக நெடுங்காலம் பிடித்தது. ஒரு லீவுக்கு நான் என் பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தபோது, டேப்பும் கம்பமுமாக ஆட்கள் வந்து ஏரிக்கு நீர் வரும் கால்வாயையும் அதையொட்டிய நிலத்தையும் அளந்துகொண்டிருந்தார்கள். தடியூன்றி நடக்கிற வயதில் பெரியப்பா அவர்கள் பின்னாலேயே காலையெல்லாம் அலைந்துவிட்டு வந்தார். சண்டை போடத்தான் போயிருப்பார் என்று பயந்திருந்தோம். அவர் ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்.

"உள்ள இன்னா உசுரு கீதுன்னு எண்ணிட்டீங்களாப்பான்னு கேட்டேன். அது எங்க வேலை இல்ல பெரியவரேன்றான்" என்று என்னிடம் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "எண்ணவே இல்லம்மா. ஆனா கொறையப் போவுது."

ஈரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற அன்றைக்கு, அக்கா ஒவ்வொரு முடிச்சுக்கும் குரல் கொடுக்கும்போதெல்லாம், இந்த நத்தையும் மீன்குஞ்சும் இவளால் குறைந்துபோகக் கூடாதே என்று நான் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். யாரும் எண்ணாமலேயே குறையும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.