செல்வியின் குரலைக் குப்பையில் போட்டது யார்?

போன வியாழக்கிழமையிலிருந்து எனக்கு பிரஷர் எகிறிக் கிடக்கிறது. மாத்திரை போட்டும் இறங்கவில்லை. உங்களிடம் கொட்டினால் இறங்குகிறதா பார்க்கிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு காலேஜ் ஆடிட்டோரியம். பேசினால் எழுதித் தரும் சாஃப்ட்வேர் ஒன்றுக்கு அறிமுக விழா. அதுதான் எல்லார் போனிலும் இருக்கிறதே என்கிறீர்களா? இது வேறு. பேனா பிடிக்கக் கை ஒத்துழைக்காத, பேச்சும் குழறும் பிள்ளைகளுக்காகவே செய்தது. அவர்கள் பதிலைச் சொன்னால் கம்ப்யூட்டர் டைப் செய்யும். செய்ய வேண்டும்.

இதை ஆரம்பித்தவள் ஜெசிந்தா. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கிளாஸ்மேட். செயற்கை நுண்ணறிவில் டாக்டர் பட்டம் வாங்கி, பெங்களூரில் பெரிய வேலையில் இருந்தவள். "நல்லாப் பேசுறவுகளுக்குச் செய்ய ஆயிரம் பேர் இருக்கான். பேச வராத பிள்ளைக்கு யாருலே செய்வா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, வேலையை உதறி ஊருக்கு வந்தாள். சொந்தக்காரர்கள் கிறுக்கு என்றார்கள். பத்து வருஷமாக ஊர் ஊராகப் போய், இந்தப் பிள்ளைகளைப் பேசவைத்துப் பதிவு செய்தாள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் மெஷின் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவள் முதலில் பதிவு செய்த பிள்ளை சேவுகம்பட்டி செல்வி. மல்லிகைத் தோட்டத்துக் குடும்பம். இப்போது பத்தாவது. கணக்கில் புலி! ஆனால் அரையாண்டுப் பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத வந்தவருக்குப் பாதி புரியவில்லை. வாய்க்கு வந்ததை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டார். செல்வி ஃபெயில். பப்ளிக் எக்ஸாமுக்கு இந்த மெஷினைத்தான் நம்பியிருந்தாள்.

மேடையில் மைக் முன்னால் உட்கார்ந்து பேசினாள். திரையில் வந்த வரி — 'பேச்சு எதுவும் கண்டறியப்படவில்லை.'

மறுபடி பேசினாள். அதே வரி. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். அதே வரி!

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திட்டத்தின் தலைவர் — பணம் போட்டவர், கோட்டு போட்ட பெரிய மனிதர் — என்ன செய்தார் தெரியுமா? மைக்கை அவள் வாயிலிருந்து நகர்த்தி, "நல்லாப் பேசுற பொண்ணு யாராவது வாங்கம்மா" என்றார். ஒருத்தி வந்து கணீரென்று பேசினாள். பிசகில்லாமல் டைப் ஆனது. கைதட்டினார்கள்... வெட்கங்கெட்டவர்கள்!

செல்வியின் அம்மா எழுந்துவிட்டார். "எம் மக பேசுறது எனக்குப் புரியுது. பூ எடுக்க வாரவுகளுக்குப் புரியுது. எங்க வீட்டு ஆட்டுக்குக்கூடப் புரியுது சார். இம்புட்டுப் படிச்ச பொட்டிக்குப் புரியாதாக்கும்?"

ஜெசிந்தா மைக்கைப் பிடுங்கினாள். "தோத்தது செல்வி இல்ல, நாங்க. இது ரெடின்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்." மறுநாள் காலையில் மெயில் வந்தது. பத்து வருஷ உழைப்பு — அவளைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆனது? சனிக்கிழமை அவள் வீட்டில் வைத்துச் சொன்னாள். பதிவுகளை மெஷினுக்குக் கொடுப்பதற்கு முன் 'சுத்தம்' செய்வார்கள். வாலண்டியர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு, 'தெளிவு' அல்லது 'தெளிவில்லை' என்று டிக் போட வேண்டும். தெளிவில்லாததை எல்லாம் அழித்துவிடச் சொல்லியிருக்கிறார் தலைவர். இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குழறிப் பேசும் பிள்ளைகளுக்கான மெஷினிலிருந்து குழறிய பேச்சை எல்லாம் எடுத்துவிட்டார்கள்! அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்து, அரிசியைப் பூராவும் வீசிவிட்டுக் கல்லை உலையில் போட்டிருக்கிறார்கள். அறிவு வேண்டாமா?

"செல்விக்குத் 'தெளிவில்லை' போட்ட மடையன் யாரு? பேரைச் சொல்லு. இந்த வாரம் பத்திரிகையில கிழிச்சுத் தொங்கவிடுறேன்" என்று குதித்தேன்.

அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

என் பேர் இருந்தது.

போன வருஷம் ஆள் பத்தவில்லை என்று கூப்பிட்டாள். ரெண்டு மத்தியானம் போனேன். சமூக சேவை என்று இதே பக்கத்தில் பீற்றியும் கொண்டேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை கேட்டேன். புரியவில்லையா — டிக், அடுத்தது. அழிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே? யார் தடுத்தது?

"ஏலே, மூஞ்சியைத் தொங்கப் போடாத. பழைய பதிவு பூராம் என் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. பரீட்சைக்கு மூணு மாசம் கிடக்கு. முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்" என்றாள் ஜெசிந்தா. முடியுமா? அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சேவுகம்பட்டிக்குப் போனேன். "உன் குரலை அழிக்க டிக் போட்டது நான்தாம்மா" என்று செல்வியிடம் சொன்னேன். அவள் ஏதோ சொன்னாள். புரியவில்லை. அம்மா விளக்க வாயெடுத்தார். செல்வி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மறுபடி சொன்னாள். பாதி புரிந்தது. மூன்றாவது தடவை ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அவள் சொன்னது இதுதான்:

"புரிஞ்சிருச்சா சார்? அப்ப இப்பப் போடுங்க 'தெளிவு'ன்னு டிக்கு."