இறாலின் அடியும் அவருடைய வலக்கையும்

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை. வழக்கம்போல எழுந்து மோட்டார் போட்டேன். பால் காய்ச்சினேன். பக்கவாதத்தில் ஏழு மாதமாகப் படுத்திருக்கும் என் கணவருக்கு முகம் துடைத்துவிட்டேன். அஸ்தினாபுரத்திலிருந்து தாம்பரம் கல்லூரிக்குப் போகும் பேருந்தை விட்டால் முதல் வகுப்பு போய்விடும். அதனால் ஒரு கையில் காபி டம்ளரோடு, மறுகையால் அவருடைய சட்டைக்கையை அவசரமாக இழுத்தேன். சுருண்டே கிடந்த அந்த வலக்கை வெடுக்கென்று மடங்கி, டம்ளரைத் தட்டிவிட்டது.

"பாத்தியா டீச்சரம்மா? உன் எறா மாதிரியே அடிச்சேன்" என்றார், குழறலாக.

"காபி போச்சேங்க."

"காபி கெடக்குது. பரண்லேர்ந்து போர்டை எறக்கு. பவுடர் வாங்கிட்டு வா."

கேரம் போர்டைச் சொன்னார். படுக்கையில் விழும் முன் அவர் அதில் கைதேர்ந்தவர்; குரோம்பேட்டையில் அவரோடு ஆட உட்காரவே யோசிப்பார்கள்.

நான் விலங்கியல் ஆசிரியை. கோவளத்தில் வலையில் சிக்கி, விலைபோகாமல் மணலில் கொட்டப்படும் ஒருவகை இறாலைக் கொண்டுவந்து தொட்டியில் வைத்திருக்கிறேன். முள் வைத்த முன்காலால் அது மீனைக் குத்திப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. வேகக் கேமராவில்தான் தெரியும். அன்று மதியம் அந்தப் படத்தை மாணவிகளுக்கு நிதானமாக ஓட்டிக் காட்டினேன். அடிக்கும் முன் கால் அசைவதில்லை. நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒன்றையொன்று எதிர்த்து இறுகி நிற்கும். காலின் ஓடு வில்போல வளைந்து விசையைச் சேர்த்து வைக்கும். பிடி விட்டதும் கால் பாயும். தசைக்கு அந்த வேகம் கிடையாது, இறுக்கம்தான் பாய்கிறது என்று சொன்னேன். கேரம் ஆடுகிறவர் சுண்டுவதற்கு முன் விரலைக் கட்டைவிரலால் தடுத்து வைப்பதை உதாரணம் காட்டுவது என் பழக்கம். அன்று அதைச் சந்தோஷமாகவே சொன்னேன். காலையில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. திரும்பும் வழியில் கேரம் பவுடர் வாங்கினேன்.

மாலையில் பிசியோதெரபி செய்ய வரும் தம்பி செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தம்பி கட்டிலருகே உட்கார்ந்தார்.

"சார், அதே மாதிரி இன்னொரு தடவ. என் கையத் தட்டிவிடுங்க பாக்கலாம்."

என் கணவர் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கை அப்படியே கிடந்தது. தம்பி அந்த முழங்கையைச் சட்டென்று இழுத்து நீட்டினார். கை உதறி மடங்கியது.

"ஃபாலோ போட்டாச்சு!" என்று, கேரமில் சிவப்புக் காயை அடுத்து இன்னொரு காயையும் போட்டவர்போலச் சிரித்தார் இவர்.

தம்பி சிரிக்கவில்லை. கிளம்பும்போது கேட்டருகே வண்டியில் கை வைத்தபடி நின்றார்.

"மேடம், அது சார் பண்ணதில்ல. வேகமா இழுத்தா அதுவா உதறும். இறுக்கம் ஜாஸ்தியாயிட்டே வருது."

"விரல் திரும்ப வருமா தம்பி?"

"இவ்ளோ நாள் ஆயிடுச்சே மேடம். இதுக்கு மேல மடங்கிக்காம பாத்துக்கலாம். அவ்ளோதான்."

உள்ளே வந்தேன். "என்னவாம்?" என்றார்.

"வேகமா இழுக்கக் கூடாதாம்."

"அது கெடக்குது. போர்டு எங்க?"

"பரண் ஏற ஆள் இல்லீங்க."

பவுடர் டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மோட்டார் போடும் முன், முதல் வேலையாக, பிடி தளர அவர் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாகப் பிரித்தேன். உள்ளங்கை வியர்வையைத் துடைத்து, சுருட்டிய துண்டை வைத்தேன். விரல்கள் அதன்மேல் மூடிக்கொண்டன.