எஸ்தர் டீச்சருக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

செய்தி காலையில் போனில் வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அப்போதுதான் கை கழுவினேன். ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்தர் டீச்சரின் மகன் டேனியல் பேசினான். "தாத்தா, அம்மா போயிட்டாங்க. பெரியம்மாகிட்ட போன் இல்ல. நீங்களே நேர்ல போயி சொல்லிடுங்க" என்றான். பெரியம்மா என்பது டீச்சரின் அக்கா ரூத். எங்கள் ஊரின் மறுகோடியில் இருக்கிறார். நான் எப்படிப் போய்ச் சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் டீச்சரைப் பற்றி எழுதவேண்டும்.

மெதுவாகத்தான் எழுதுவேன். இந்த வயதில்தான் எனக்கு எழுத்து வந்தது. கொடுத்தவர் அவர். காவாந்தண்டலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். முதன்முதலாகப் பலகையை நானே படித்து உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறிய அன்று, உட்கார்ந்திருந்தவர்களிடம் எல்லாம் "இது உத்திரமேரூர் பஸ்ஸு" என்று சொல்லிக்கொண்டே போனேன். கண்டக்டர், "எங்களுக்கும் தெரியும் பெரியவரே, குந்து" என்றார். இதை வகுப்பில் சொன்னபோது டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் கணவர் இறந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

கணவர் போன மறுவருடம் அவர் ஓட ஆரம்பித்தார். சென்னையில் நடக்கும் மாரத்தானில் ஐம்பது தாண்டிய பெண்களும் ஓடுகிறார்கள் என்று டேனியல் சொன்னானாம். இவர் பெயர் கொடுத்துவிட்டார். அது எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "உத்திரமேரூர்லருந்து காஞ்சிபுரம் ஓடி, மறுபடி பாதி வழி திரும்பி வரணும் நைனா" என்றார். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யாரும் சும்மா ஓடுவதில்லை. சாலையில் ஒருவர் ஓடினால் எங்கோ சாவு என்று அர்த்தம். பார்ப்பவர் வண்டியை நிறுத்தி, யாருக்கு என்ன என்று கேட்டு, ஏற்றிக்கொண்டு போய் விடவேண்டும். அதுதான் மரியாதை. முதல் நாள் விடியற்காலையில் டீச்சர் ஓடியபோது பால்காரர் ஏழுமலை பைக்கை நிறுத்தினார்.

"யாருக்கு இன்னா ஆச்சு டீச்சர்? ஏறு, வுட்டுட்டு வரேன்."

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. சும்மா ஓடறேன்."

"சும்மா யாருன்னா ஓடுவாங்களா? பாவம், துக்கத்துல பேச்சு வரல" என்று அவராகவே முடிவு செய்துகொண்டு ஊருக்குள் போனார். டீச்சர் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். ரூத் அம்மா ஒப்பாரி வைக்கத் தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தார். ஷாமியானா போடுகிறவருக்குப் போன் போயிருந்தது. யார் செத்தது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. வியர்வையோடு வந்து நின்ற தங்கையைப் பார்த்து ரூத் அம்மா, "ஏன்டி, ஓடணும்னா ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடக்கூடாதா? பேஜாரு புடிச்சவளே!" என்று திட்டினார்.

அன்று மாலை டீச்சர் என்னிடம் ஒரு யோசனை சொன்னார். "நைனா, நீ சைக்கிள எடுத்துக்கினு எம் பின்னாடி வா. அவசரம்னா நான் கேரியர்ல ஏறிக்கினு போயிருப்பேன் இல்ல? சைக்கிள் இருந்தும் ஓடறேன்னா, ஒண்ணுமில்லன்னு சனங்களுக்குப் புரியும்."

அப்படித்தான் நான் தினமும் பின்னால் போனேன். ஓடும்போது அவரால் பேச முடியாது. நானும் பேசுகிறவன் இல்லை. என் சைக்கிளின் செயின் கவர் கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம்தான் எங்கள் பேச்சு. ஏரிக்கரை மதகைத் தாண்டினால் புதுத் தார் போட்ட சாலை. அங்கே கவர் ஆடாது. நான் பின்னால் இருக்கிறேனா என்று டீச்சர் திரும்பிப் பார்க்காமல் கேட்பார். "நைனா, கீறியா?"

"கீறேன் டீச்சரம்மா. நீ போ."

ஒருநாள் மதகின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "காலைல எழுந்தா யாருக்கு டீ போடறதுன்னு தெரியல நைனா. அதான் ஓடறேன்" என்றார். எனக்கும் அதே காலைதான். என் மனைவி போய் வெகுநாள் ஆகிறது. நான் தண்ணீர்ப் பாட்டிலை மூடினேன்.

மாரத்தானுக்கு என்னையும் அழைத்துப் போனார். சைக்கிளை உள்ளே விடமாட்டார்களாம். முடிகிற இடத்தில் நின்றேன். எத்தனையோ பேர் வந்தார்கள், டீச்சர் வரவில்லை. வெயில் ஏறியது. குறித்த நேரத்துக்குள் வராதவர்களை வேனில் ஏற்றிவிடுவார்கள் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். அத்தனை நாள் ஓடியது வேனில் ஏறவா? பந்தலைப் பிரிக்க ஆள் வந்த நேரத்தில், தூரத்தில் அந்த வேன் மெதுவாக வந்தது. அதற்கு முன்னால் டீச்சர் ஓடி வந்தார்.

முடிவுக் கோட்டைத் தாண்டித் தரையில் உட்கார்ந்தவர், மூச்சு வந்ததும் சொன்னார். "அத்தினி சனம் ஓடுது நைனா, பின்னாடி உன் சைக்கிள் இல்ல. பாதியில அழுதுட்டேன். அப்பறம் இந்த வேன் வந்துச்சி. டிரைவரு 'ஏறும்மா, ஏறும்மா'ன்றான். எங்க ஊரே ஏறுன்னு சொல்லிச்சி, ஏறல, உன் வண்டியிலயா ஏறுவேன்னு சொல்லிட்டேன். அது கடகடன்னு பின்னாடியே வந்துச்சி. நீதான்னு நெனச்சிக்கினு ஓடிட்டேன்."

அதன் பிறகும் அவர் ஓட்டத்தை விடவில்லை. ஊருக்கும் பழகிவிட்டது. டீக்கடையில் கை தட்டுவார்கள். ஏழுமலை ஹாரன் அடித்துவிட்டுப் போவார். போன மாதம் காய்ச்சல் என்று படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

இப்போது அந்தக் காலையைச் சொல்கிறேன். போனை வைத்தேன். வாசலில் சைக்கிள் நின்றது. அதை எடுக்கத் தோன்றவில்லை. ஓடினேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஓடினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். "தாத்தாவும் கெளம்பிச்சி டோய்! டீச்சர் வர்றதுக்குள்ள பிராக்டீஸ் பண்ணிக்கினு கீது!" எதிரில் ஏழுமலை பைக்கில் வந்தார். நிறுத்துவார், யாருக்கு என்ன என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அவரிடமாவது சொல்லியிருப்பேன். அவர் ஒதுங்கி வழிவிட்டு, "வுடாத தாத்தா, ஓடு!" என்று ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

ரூத் அம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நான் ஓடி வருவதைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே தலைமுடியை அவிழ்த்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே சாலையில் போனேன். முன்னால் யாரும் இல்லை. கவர் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. மதகைத் தாண்டியதும் சத்தம் நின்றது. கொஞ்ச தூரம் காத்திருந்தேன். பிறகு நானே சொன்னேன்.

"கீறேன் டீச்சரம்மா. நீ போ."